ஆண்டியப்பன் டயர் தேடிய ஏழு மாதங்கள்

ஆண்டியப்பன் ஒரு தண்ணீர்ப் பம்பு வாங்கப் பதினொரு மாதம் எடுத்தவர். அந்தப் பதினொரு மாதமும் கச்சான் கடலைத் தோட்டத்துக்குக் கிணற்றிலிருந்து வாளியால் அள்ளி இறைத்தவள் அவருடைய மனைவி மீனம்மா. வீட்டு முன்கதவுக்கு மரம் தெரிவு செய்ய இரண்டு வருடம் போனது. அதுவரை வாசலில் ஓர் உரப்பை தொங்கியது. காற்றடித்தால் கதவு திறந்திருக்கும், அடிக்காவிட்டால் பூட்டியிருக்கும்.

பெண் பார்க்கப் போனபோதும் அப்படித்தான். மீனம்மாவின் வீடு ஒன்பதாவது வீடு. தட்டோடு வந்து நின்றவள், அவர் பார்த்துக்கொண்டே இருப்பதைக் கண்டு, "இன்னும் எம்புட்டு நேரம் பாப்பீங்க? தேத்தண்ணி ஆறுது" என்று கேட்டுவிட்டாள். அவர் பயந்துபோய்ச் சம்மதித்ததாக அவள் சொல்கிறாள். நன்றாக யோசித்துச் சம்மதித்ததாக அவர் சொல்கிறார். இருவரும் இதை முப்பத்தைந்து வருடமாகச் சொல்லி வருகிறார்கள்.

இரண்டு பேரும் பிறந்தது மலையகத் தேயிலைத் தோட்டங்களில். எழுபத்தேழுக் கலவரத்தில் அவருக்குப் பதின்மூன்று வயது. ஒரு தகரப் பெட்டியோடும் தாய் தகப்பனோடும் தர்மபுரத்துக்கு வந்து சேர்ந்தவர், காடு வெட்டி, கச்சானும் மிளகாயும் போட்டு இங்கேயே ஊன்றிவிட்டார். இப்போது பேச்சும் வன்னிப் பேச்சுத்தான். மீனம்மாவுக்கும் அப்படித்தான், ஆனால் கோபம் வந்தால் மலை திரும்பி வந்துவிடும்.

நான் பக்கத்து வளவு. அறுபது வயதில் கிளிநொச்சியில் ஆறு மாதம் படித்து, நோயாளர் பராமரிப்புக்குச் சான்றிதழ் எடுத்தவள். ஊரில் யாராவது படுத்தால் என்னைக் கூப்பிடுவார்கள். அதனால்தான் ஆண்டியப்பனின் நேர்த்திக்கடனை என் காதாலேயே கேட்கும்படி ஆயிற்று.

போன தை மாதம் ஊரில் டெங்கு. யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் குடியேற்றத்துக்கு வந்து வயல் செய்கிற மயில்வாகனம் அண்ணர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருக்கு எழுபத்துநாலு வயது. பிள்ளைகள் வெளிநாட்டில். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள நான் இருந்தேன். அடுத்த கட்டிலில் ஆண்டியப்பன். இருவருக்கும் இரத்தத்தில் பிளேட்லெட் வட்டுகள் இறங்கிக்கொண்டே போயின. மூன்றாம் நாள் மத்தியானம் மயில்வாகனம் அண்ணர் கைகூப்பி, "கதிர்காமத்தானே, எழுப்பிவிடு, பஸ்ஸிலை வந்து கும்பிடுறன்" என்றார்.

ஆண்டியப்பனுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. பக்கத்துக் கட்டில்காரரை விடக் குறைவாகச் சொல்லக்கூடாது என்று அந்தக் காய்ச்சலிலும் தோன்றியிருக்க வேண்டும். கட்டிலில் எழும்பி உட்கார்ந்து, வாட்டு முழுக்கக் கேட்க, "முருகா! நான் சைக்கிளிலை வாறன்!" என்றார்.

தாதியும் கேட்டார். சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே வந்த மீனம்மாவும் கேட்டாள். தர்மபுரத்திலிருந்து கதிர்காமம் ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல்.

மறுநாளிலிருந்து இருவருக்கும் வட்டுகள் ஏறின. மயில்வாகனம் அண்ணர் மாசியில் பஸ் ஏறி, நாலாம் நாள் திருநீற்றோடு திரும்பி வந்துவிட்டார். போகிற வழியில் பஸ்ஸின் பின்டயர் வெடித்து இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்ற கதையையும் கொண்டுவந்தார். அந்தக் கதையை அவர் ஆண்டியப்பனுக்குச் சொல்லியிருக்கக் கூடாது.

"பாத்தியளே அக்கா," என்று ஆண்டியப்பன் என்னிடம் வந்தார். "பஸ் டயரே வெடிக்குது. அது எவ்வளவு மொத்தம்! சைக்கிள் டயர் எந்த மூலைக்கு? இது யோசிச்சுச் செய்யவேண்டிய வேலை."

யோசிக்கத் தொடங்கினார்.

இதில் துன்பப்பட்டவள் மீனம்மா. நேர்த்தி வைத்தால் அது தீரும்வரை வீட்டில் மச்சமாமிசம் கிடையாது என்பது அவள் குடும்பத்து வழக்கம். மீன் சட்டியைக் கழுவி, பழைய சேலையில் சுற்றி, அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டாள். ஒரு மாதத்துக்குள் இறக்கிவிடலாம் என்று நினைத்தாள்.

மீனம்மாவுக்கு மீன் என்றால் என்ன என்று தெரிந்தால்தான் இது விளங்கும். தோட்டத்தில் பிறந்தவள், சின்ன வயதில் கருவாட்டைத் தவிர வேறு மீனைக் கண்டதில்லை. வன்னிக்கு வந்த முதல் கிழமை முல்லைத்தீவுப் பாரையைத் தேங்காய்ப்பாலில் சாப்பிட்டிருக்கிறாள். அன்றைக்கே இனி மலைக்குத் திரும்புவதில்லை என்று முடிவெடுத்தாளாம். மீன்காரர் மோட்டார்சைக்கிளில் கோர்ன் அடித்துக்கொண்டு சந்திக்கு வரும்போதே, காற்றை மோந்து, பெட்டிக்குள் விளைமீனா சூடையா என்று சொல்லக்கூடியவள். அப்படிப்பட்டவள் இப்போது கோர்ன் சத்தம் கேட்டால் குசினிக்குள் போய்த் தேங்காய் திருவினாள். தேவையில்லாத தேங்காயையும் திருவினாள்.

ஆண்டியப்பன் போகத் தெரிவு செய்த சைக்கிள் அவருடைய மகன் கிருபனுடையது. கிருபன் கட்டாருக்குப் போகுமுன் ஆசைப்பட்டு வாங்கிய பழைய ரேஸ் சைக்கிள். கடாக்கொம்பு மாதிரிக் கீழே வளைந்த பிடி, ஒல்லிச் சில்லு. கொட்டிலில் மூன்று வருடம் நின்றதில் டயர்கள் கோடைக்குளம் மாதிரி வெடித்துப்போயிருந்தன. சட்டம் நல்ல சட்டம், பாரமில்லாதது. டயரை மாற்றினால் போதும்.

அந்த "போதும்" என்பதற்குத்தான் ஏழு மாதம்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். போரின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் டயரும் இல்லை, டியூப்பும் இல்லை. ஆண்டியப்பன் டயருக்குள் வைக்கோலையும் தும்புக்கயிற்றையும் அடைத்து, அதில் விறகும் கட்டி, பரந்தன் மட்டும் ஓடியவர். ஒருநாள் மழை பெய்து, உள்ளே கிடந்த வைக்கோலில் நெல் முளைத்ததாம். டயர் கிழிசலுக்குள்ளால் பச்சையாக எட்டிப் பார்த்ததைக் கண்டு ஆடுகள் சைக்கிளுக்குப் பின்னால் ஓடிவந்தனவாம். அப்படி வாழ்ந்த மனிதர் கடைக்காரன் காட்டியதும் டயரை வாங்கிவிடுவாரா?

ஒவ்வொரு புதனும் பஸ் ஏறிப் புதுக்குடியிருப்புக்குப் போனார். அங்கே பிரசாந்தன் என்பவர் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். ஆண்டியப்பன் டயரைக் கையில் எடுத்து மணந்து பார்ப்பார். பெருவிரல் நகத்தால் அமத்துவார். காதுக்குப் பக்கத்தில் வைத்துத் தேங்காய் தட்டுவது போலத் தட்டுவார். பிறகு, "வாற புதன் வாறன் தம்பி" என்று வைத்துவிட்டு வருவார்.

மாசியில் ஒரு சோடி டயர் வாங்கியே வந்தார். மீனம்மா கதிரையில் ஏறி மீன் சட்டியை இறக்கினாள். அவர் டயரைப் பூட்டினார். அது சில்லைச் சுற்றிப் பாவாடை மாதிரி ஆடியது. இருபத்தெட்டு அங்குலம் என்று எழுதியிருந்ததைப் பார்த்து எடுத்திருக்கிறார். அது ஊரில் விறகு கட்டுகிற பெரிய சைக்கிளின் அளவு. ரேஸ் சில்லும் பார்வைக்கு அதே உயரம், ஆனால் றிம் ஒரு விரலளவு சின்னது. மொத்தமான டயராக இருக்கிறதே என்ற சந்தோசத்தில் பிரசாந்தனிடம் கேட்காமலே சந்தையில் வேறொரு தட்டிக்கடையில் வாங்கியது. மீனம்மா மறுபடியும் கதிரையில் ஏறிச் சட்டியை மேலே வைத்தாள்.

பங்குனியில் பிரசாந்தனிடம் மூன்று வகை டயரில் பழைய வெட்டுத்துண்டுகள் கேட்டு வாங்கிவந்து பரீட்சை வைத்தார். ஒன்றைக் கூரையில் வெயிலுக்குப் போட்டார். ஒன்றைக் கிணற்றில் கயிறு கட்டி இறக்கினார். மூன்றாவதை ஆட்டுக்கு வைத்தார்.

"ஆட்டுக்கு ஏன்?" என்று கேட்டேன்.

"ஆடு தின்னாட்டில் அது அசல் ரப்பர், அக்கா. பசை கலந்த ரப்பரை ஆடு தின்னும்."

ஆடு தின்றது. அது முன்பு என்னுடைய செருப்பையும் தின்ற ஆடு, அதனால் எதுவும் நிரூபணமாகவில்லை என்று சொன்னேன். "அப்ப உங்கடை செருப்பும் கலப்படம்," என்றார்.

சித்திரையில் முள் பரீட்சை. விடத்தல் முள், ஈச்சமுள், நெருஞ்சி மூன்றையும் பலகையில் பரப்பி, வெயிலிலும் கிணற்றிலும் தப்பிய துண்டுகளை அதன்மேல் வைத்து, அதன்மேல் தானே ஏறி நின்றார். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. பலகையிலிருந்து இறங்கும்போது நெருஞ்சி காலில் ஏறிவிட்டது. நான்தான் எடுத்துவிட்டு, ஏற்புவலித் தடுப்பூசி போட அனுப்பினேன். வைகாசி முழுக்க நொண்டிக்கொண்டு, "இந்தக் காலோடை எப்பிடிச் சைக்கிள் மிதிக்கிறது?" என்று கேட்டார். புதன்கிழமைகளில் மட்டும் நொண்டல் இருக்கவில்லை. அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

மீனம்மா மெலியவில்லை, ஆனால் குணம் மாறிப்போனாள். முருங்கையிலை வறை, பருப்பு, கத்தரிக்காய். மறுநாள் கத்தரிக்காய், பருப்பு, முருங்கையிலை வறை. ஒருநாள் நான் நண்டுக் கறி வைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஏதோ அசைந்தது. பார்த்தால் மீனம்மா வேலியோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"என்ன மீனம்மா?"

"ஒண்டுமில்லையக்கா. நீங்க கிண்டுங்கோ. காத்து இஞ்சாலைதான் அடிக்குது."

வீதியால் போகும்போதெல்லாம் மயில்வாகனம் அண்ணர் சைக்கிளை நிறுத்திக் கூப்பிடுவார். "ஆண்டியப்பன்! முருகன் என்னட்டைக் கேட்டவர், உன்ரை பக்கத்துக் கட்டில் எங்கையெண்டு. டயர் மணந்துகொண்டு நிக்கிறான் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்!"

"நீங்கள் பஸ்ஸிலை போன ஆள் அண்ணை. உங்களுக்கு டயரைப் பற்றி என்ன தெரியும்?"

"வெடிச்சா இறங்கி நிக்கவேணும் எண்டு தெரியும்."

இப்படியே ஆனியும் போய், ஆடி பிறந்தது. கதிர்காமக் கொடியேற்றம் முடிந்து தீர்த்தமும் முடிந்தது. அடுத்த வருடம்தான் என்று ஆண்டியப்பன் வாயெடுத்தார். மீனம்மா கையில் திருவலை இருந்ததால் வசனத்தை முடிக்கவில்லை.

ஆடியின் கடைசிப் புதன். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். மீனம்மா வேலியில் நின்று கத்தினாள். "அக்கா, ஓடியாங்க! இந்தாளுக்குத் தொண்டையில என்னமோ! எச்சில்கூட முழுங்க முடியலையாம்!"

போனேன். ஆண்டியப்பன் கதிரையில் வாயை இறுக மூடிக்கொண்டு இருந்தார். கண்ணில் தண்ணீர். மூச்சு நன்றாக வந்தது, முகத்தின் நிறமும் மாறவில்லை. அதனால் நான் அவசரப்படவில்லை.

"என்ன சாப்பிட்டனீங்கள்?"

தலையை ஆட்டினார். ஒன்றுமில்லை என்று கை காட்டினார். பிறகு மெல்ல, "டெங்கு... திரும்பி வந்திட்டுது" என்றார்.

"டெங்கு தொண்டையிலை குத்தாது. வாயைத் திறவுங்கோ."

திறக்கவில்லை. மீனம்மா ஒரு சோற்றுருண்டையை உருட்டிக்கொண்டு வந்தாள். அது பிழை, ஒருவரும் செய்யக்கூடாது. சிக்கியது இன்னும் ஆழமாய் ஏறிவிடும். உருண்டையை நாய்க்குப் போடச் சொல்லிவிட்டு, அவரை வெளிச்சத்துக்குத் திருப்பி உட்காரவைத்தேன். கரண்டிக் காம்பால் நாக்கை அமத்தினேன். மீனம்மா கைத்தொலைபேசி விளக்கைப் பிடித்தாள். உள்நாக்குக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒன்று குத்தி நின்றது. இன்னும் கீழே போயிருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பியிருப்பேன். கண்ணுக்குத் தெரிந்ததால் இடுக்கியை வெந்நீரில் போட்டு எடுத்து, ஒரே பிடியில் இழுத்தேன்.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நான் வாய் திறக்குமுன் மீனம்மா குனிந்து அதை மோந்தாள்.

ஏழு மாதமாக ஒரு மீனையும் காணாதவள். ஆனாலும் ஒரு நொடிதான் எடுத்தது.

"அக்கா," என்றாள் மெல்ல. "இது சூடை."

"முருங்கைக்காய் நார்," என்றார் ஆண்டியப்பன். தொண்டை சரியாகிவிட்டதால் குரல் நன்றாக வந்தது.

"முருங்கைக்காய் நார் ரெண்டு பக்கமும் கூரா இருக்குமா?"

"சில முருங்கைக்காய்..."

"பொரிச்ச சூடை," என்றாள் மீனம்மா. "மஞ்சளும் மிளகாத்தூளும் போட்டுப் பொரிச்சது. தேங்காயெண்ணெயில."

அதற்குமேல் எந்த மனிதன் மறைக்க முடியும்? பிரசாந்தனின் கடைக்கு நேர் முன்னால் ஒரு சாப்பாட்டுக் கடை. முதல் புதன் பசி. சோறு கேட்டாராம். அவர்கள் தட்டில் சூடைப் பொரியலையும் சேர்த்து வைத்துவிட்டார்களாம். எறிந்தால் பாவம் என்று சாப்பிட்டாராம்.

"சரி. ரெண்டாவது புதன்?"

"அண்டைக்கும் வைச்சவங்கள்."

"மூணாவது புதன்?"

மூன்றாவது புதனில் இருந்து அவரே கேட்டு வாங்கியிருக்கிறார்.

மீனம்மா கத்தவில்லை. முன்கதவுப் படியில் உட்கார்ந்தாள். இரண்டு வருடம் தேடிய மரத்தில் செய்த கதவு, அதைச் சாய்ந்துகொண்டு சொன்னாள். "நான் இங்க முருங்கையிலைய ஆஞ்சு ஆஞ்சு விரல் பச்சையாயிருச்சு. நீங்க அங்க டயரப் பாத்துட்டு, மீனத் தின்னுட்டு, வாயத் தொடச்சிட்டு வந்து எம் முன்னால முருங்கையிலையத் தின்னீங்க. அதையும் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னீங்க."

"சந்தேகம் வரக்கூடாதெண்டு..." என்றார் அவர்.

அவர் என்னைப் பார்த்தார். நான் இடுக்கியைத் துடைத்தேன். பிறகு உண்மையையும் சொன்னார்: "டயர் மட்டுமில்லை அக்கா. அவ்வளவு தூரம் தனிய. தெரியாத ஊரிலை காத்துப் போனா ஆரைக் கேக்கிறது? எனக்குச் சிங்களமும் அரைகுறை. புதன் வந்தாப் புதுக்குடியிருப்பு. அவ்வளவே எனக்குக் காணும் போலை கிடந்தது."

"எனக்குக் காணாது," என்றாள் மீனம்மா.

தீர்ப்பையும் அவளே சொன்னாள். போவது முருகனுக்கு. திரும்பி வருவது சூடைக்கு. இரண்டும் சைக்கிளில். அவர் கும்பிட்டு முடிந்த நிமிடம் நேர்த்தி தீர்ந்தது, வீட்டில் மீன் சட்டி இறங்கும். அவருக்கு மட்டும் தண்டனை: திரும்பி வளவுக்குள் சில்லு உருளும்வரை மரக்கறி. டயர் விஷயத்தில் இனி அவர் வாய் திறக்கக் கூடாது.

மறுநாள் காலை பஸ்ஸில் மீனம்மாவும் நானும் பிரசாந்தனின் கடைக்குப் போனோம். ரேஸ் சைக்கிளின் முன்சில்லைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு போனாள், அளவு பிழைக்கக் கூடாதென்று. ஆண்டியப்பன் பெயரைச் சொன்னதும் பிரசாந்தன் கதிரையைத் தூசி தட்டினார்.

"அண்ணையின்ரை வீட்டு ஆக்களோ? இருங்கோ அம்மா. அண்ணை வந்தா என்ரை கடையிலை வியாபாரம் நிண்டுபோகும். வாற சனம் எல்லாம் அவர் டயர் மணக்கிறதை வேடிக்கை பாக்குதுகள்."

"தம்பி," என்றாள் மீனம்மா, "உங்கடை அப்பா இந்தச் சில்லிலை கதிர்காமம் போய் வாறாரெண்டா எதைப் போடுவீங்கள்?"

பிரசாந்தன் யோசிக்கவேயில்லை. மேல்தட்டிலிருந்து ஒரு சோடியை இறக்கினார். ரேஸ் டயர்களில் கொஞ்சம் அகலமானது, முப்பத்திரண்டு மில்லிமீற்றர். நடுவில் முள் ஏறாமல் தடுக்க ஒரு பட்டி வைத்தது. ஓரத்தில் கம்பி. "மெல்லிசு வேகமா ஓடும், ஆனா எங்கடை கிரவல் ரோட்டிலை ஓரம் கிழியும். இதைவிட மொத்தமெண்டாச் சில்லைப் பிடிக்கிற கவருக்குள்ளை முட்டும். இது கொஞ்சம் பாரம், ஆனாப் போய்ச் சேரும். காத்தை மட்டும் இரண்டு நாளைக்கு ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோ."

மீனம்மா டயரைக் கையில் எடுத்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். டயரின் ஓரம் முழுக்கப் பிறை பிறையாக நகக்குறிகள்.

"இதென்ன?"

பிரசாந்தன் சிரித்தார். "அது அண்ணையின்ரை நகம். மாசியிலை முதல் புதன் நான் காட்டினது இதைத்தான். ஒவ்வொரு கிழமையும் இதைத்தான் அமத்திப்போட்டுப் போவார். இப்பிடி அடையாளம் வைச்ச டயரை வேற ஆருக்கு அம்மா விக்கிறது?"

கடைக்குள் போனதிலிருந்து வெளியே வந்ததுவரை பத்து நிமிடம் ஆகியிருக்காது. முன்னால் இருந்த சாப்பாட்டுக் கடையிலிருந்து பொரியல் வாசம் வந்தது. மீனம்மா மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, சில்லையும் டயரையும் அணைத்தபடி பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.

வாய் திறக்கக் கூடாது என்ற உத்தரவை ஆண்டியப்பன் ஒரு நாள் காப்பாற்றினார். அடுத்தநாள் என் வளவுக்கு வந்தார். டயருக்கும் டியூப்புக்கும் இடையில் எக்ஸ்ரே படத்தை நாடாவாக வெட்டிப் போட்டால் முள்ளே ஏறாதாம், வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார்.

எங்கள் ஊரில் எந்த வீட்டு அலுமாரிக்குப் பின்னாலும் மஞ்சள் உறைக்குள் எக்ஸ்ரே படம் இருக்கும். யாரும் எறிவதில்லை. நான் என் இடது முழங்காலைக் கொடுத்தேன், அது போதவில்லை. மயில்வாகனம் அண்ணரிடம் கேட்டார். அவர் தன்னுடைய நெஞ்சைக் கொடுத்தார். "கொண்டுபோ. பஸ்ஸிலை போனவன் சைக்கிளிலையும் போனதா இருக்கட்டும்," என்றார். வெட்டிய ஓரம் கத்தி மாதிரி இருக்கும், அதுவே டியூப்பை அறுத்துவிடும் என்று சொல்லி, காயத்துக்கு ஒட்டும் துணிப்பட்டியால் இரண்டு பக்கமும் நானே ஒட்டிக்கொடுத்தேன். முன்சில்லில் என் முழங்கால், பின்சில்லில் அண்ணரின் நெஞ்சு.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை காலை புறப்பாடு. மீனம்மா கற்பூரம் காட்டி, முன்சில்லுக்குக் கீழ் ஒரு தேசிக்காய், பின்சில்லுக்குக் கீழ் ஒரு தேசிக்காய் வைத்தாள். நசித்துக்கொண்டு போக வேண்டும். ஆண்டியப்பன் இறங்கிவிட்டார்.

"தேசிப்புளி ரப்பருக்குக் கூடாது."

"ஏறுங்க."

"ரப்பர் இளகும் மீனம்மா. புது டயர்."

சைக்கிளை அப்படியே தூக்கித் தேசிக்காய்களைத் தாண்டி வைக்கப் பார்த்தார். மீனம்மா பின்னால் போய் ஒரு தள்ளுத் தள்ளினாள். இரண்டு தேசிக்காயும் நசிந்தன. சைக்கிள் படலையைத் தாண்டி, பிடிக்கு மேல் குனிந்தபடி அவரும் வீதிக்குப் போய்விட்டார். திரும்பிப் பார்த்தார், ஆனால் எங்களை அல்ல, டயரை.

வவுனியா, ஹொரவப்பொத்தானை, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், மொனராகலை என்று போகவேண்டும். ஒவ்வொரு நாளும் மத்தியானம் தொலைபேசி வரும். முதல் நாள் பத்து கிலோமீற்றருக்கு ஒருமுறை இறங்கி அமத்திப் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் குரலே வேறு. "ஹொரவப்பொத்தானையிலை ஒரு சைக்கிள் கடைக்காரன். அவனுக்குத் தமிழ் தெரியாது. என்ரை டயரைப் பாத்திட்டுக் குந்தினான். பெருவிரலாலை அமத்தினான். நானும் அமத்தினன். தலையாட்டினான் மீனம்மா! தேத்தண்ணியும் தந்தான்!"

"அப்ப மனுசங்க இருக்காங்க," என்றாள் மீனம்மா.

"ஓம். எல்லாரும் டயரை அமத்துகினம்."

ஒன்பதாம் நாள் காலை ஒன்பது மணிக்கே மீன்காரர் எங்கள் படலையில் வந்து நின்றார். வரச்சொன்னது மீனம்மா. மீன் சட்டி இறங்கி, கழுவி, முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தது. பாரையை வாங்கி, சுளகில் வைத்து, அரிவாளையும் பக்கத்தில் வைத்தாள். வெட்டவில்லை. காகத்தை விரட்டிக்கொண்டு தொலைபேசியையே பார்த்தாள். பத்து மணி. பத்தரை. பதினொன்றுக்கு அது அடித்தது.

"மாணிக்க கங்கையிலை முழுகிட்டன்," என்றார் அவர். "கும்பிட்டிட்டன். ஒரு ஒட்டும் போடேல்லை மீனம்மா, ஒரு ஒட்டும்! ரெண்டு சில்லும் அப்பிடியே..."

"கும்பிட்டாச்சா? முழுசா?"

"ஓம், ஓம், முழுசா. இந்தப் பின்டயர் இருக்கே..."

மீனம்மா தொலைபேசியை என் கையில் தந்துவிட்டு அரிவாளை எடுத்தாள். பின்டயரைப் பற்றி மீதியை நான்தான் கேட்டேன். அது முடிய முன்னம் குழம்பு கொதித்துவிட்டது. என்னையும் சாப்பிட உட்காரவைத்தாள். மீன் தலையை உடைத்து, கன்னச் சதையை எடுத்து, எலும்பை ஒவ்வொன்றாக உறிஞ்சிச் சோற்றுக்கோப்பை ஓரத்தில் வரிசையாக வைத்து முடிக்கும்வரை தலை நிமிர்த்தவில்லை. முடிந்ததும், "பாவம், அவர் வழியில என்ன தின்னுறாரோ" என்றாள். பின்னேரச் சாப்பாட்டுக்கு இறாலும் சொல்லிவைத்தாள்.

திரும்பி வர அவருக்குப் பத்து நாள் எடுத்தது. அந்தப் பத்து நாளும் எங்கள் வேலியில் காற்று மறுபக்கம் அடித்தது.

வந்து சேர்ந்தது ஒரு மத்தியானம். கறுத்து, இடுப்பில் சாரம் இறங்கி, ஆனால் முன்னைவிட ஒரு பத்து வயது குறைந்த மாதிரி. படலைக்குள் சில்லு உருண்டதும் மயில்வாகனம் அண்ணர் குனிந்து பின்டயரைப் பார்த்தார். அவர் காலையிலிருந்தே காவல்.

"எத்தினை தரம் காத்துப் போனது?"

"ஒருக்காலும் இல்லை."

"ஒருக்காலும்?"

"பதினாலு ஒட்டுத்துண்டு கொண்டுபோனனான் அண்ணை. பதினாலும் பையிலை கிடக்கு." அதில் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. "உங்கடை நெஞ்சுக்கும் ஒண்டும் இல்லை."

"சரி, எனக்கும் ஒரு சோடி எடுக்கவேணும். எதைப் பாத்து எடுக்கிறது?"

ஆண்டியப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். கையை டயர் பிடிப்பது போல வளைத்தார். "முதலிலை மணந்து பாக்கவேணும் அண்ணை..."

"முதல்ல காட்டுறத வாங்குங்கண்ணே," என்று குசினிக்குள்ளிருந்து மீனம்மா சொன்னாள். "சோறு போட்டாச்சு."

கைகால் கழுவி வந்து உட்கார்ந்தார். கோப்பையைப் பார்த்தார். சோறு, பருப்பு, பக்கத்தில் மஞ்சளாய் உதிர்ந்த ஒரு வறை. எடுத்து வாயில் வைத்தார். கிட்டத்தட்ட நாலு கிழமைக்குப் பிறகு வாய்க்குள் மீன்.

"சூடை இல்லையா?" என்று கேட்டார்.

"சுறா," என்றாள் மீனம்மா, இன்னொரு கரண்டி வைத்துக்கொண்டே. "முள்ளில்லை. உங்களுக்கு இனிமே இதுதான். அக்காவுக்கும் வயசாகுதில்ல."